பாலத்தடி முனிக்குச் சூடு இறங்கிய வாரம்

ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, நெடுங்குளம் குடியிருப்பில் பதினாலாவது பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்த டாக்டர் முனியம்மாளின் கிளினிக்குக்குப் பாலத்தடி முனி வந்து, குடையைச் சாத்துவதுபோலச் சூலத்தை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, முதுகை ரெண்டாக மடித்து உள்ளே நுழைந்து, இருபத்தேழாம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எட்டடி உயர ஆள் உட்கார்ந்தால் நாலு பேர் இடம் போகும் என்பதால் மூன்று பேர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். சளி பிடித்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, "வரிசையிலதான் போவணும் சாமி, எனக்கு இருபத்தாறு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள். முனி சரி என்று தலையாட்டினார். டோக்கன் கொடுக்கும் சிஸ்டர் குணவதி அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் பயந்து எழுந்து நின்றாள். முனியாவது, தலையாட்டுவதாவது.

முனியம்மாள் பிறந்தது இங்கே இல்லை. சென்னைக்கு நடுவே ஆற்றங்கரையில், செங்கேணிப் பாலத்துக்கு அடியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு குடிசைகளில் ஒன்றில், இட்லிக்கடை அம்சவேணிக்குப் பிறந்தவள். முனி பெயரைத்தான் வைத்தார்கள். டாக்டருக்குப் படிக்கப் போன இடத்தில், கெஜட்டில் கொடுத்து நல்ல பெயராக மாற்றிக்கொள்ளேன் என்று புத்தி சொன்னவர்களிடம், இந்தப் பெயரில் உங்களுக்கு என்ன அரிக்கிறது என்று கேட்டவள். படித்து முடித்துப் பாலத்தடிக்கே வந்து கிளினிக் போட்டாள். அரசாங்கம் அந்த நானூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் பெயர்த்து, முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரியை மேடாக்கிக் கட்டிய எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய் அடைத்தபோது, அவளும் பின்னாலேயே கிளினிக்கை மாற்றிக்கொண்டு வந்தாள். தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் ரெண்டு பஸ் மாறி வருவாள்.

ஜனங்கள் வந்தால் அவர்களோடு சேர்ந்தவர்களும் வரத்தானே செய்வார்கள். ஆற்றில் விழுந்து செத்தவள் ஒருத்தி, ஈரக்காற்று பட்டால் காதுவலி என்று மாதம் ஒருமுறை வருவாள். புளியமரத்தை வெட்டிவிட்டதால் மொட்டைமாடித் தண்ணீர் டேங்குக்குக் குடிவந்த பேய்க்கு, சிமெண்டுத் தூசியில் தீராத இருமல். முனியம்மாள் எல்லாரையும் பார்ப்பாள். நாடி கிடைக்காது என்பதைத் தவிர அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, புலம்பல் ஒன்றுதான், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்து பொய் சொல்வதும் ஒன்றுதான் என்பாள்.

ஆனால் முனி இதுவரை வந்ததில்லை. கொரோனா காலத்தில், நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கும் துப்பாக்கியை எல்லாருக்கும் பிடித்துக்கொண்டு போனவள் விளையாட்டாக முனிக்கும் பிடித்தபோது, எண்ணே வராமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது. அதாவது மிஷினால் அளக்க முடியாத சூடு. அதுதான் அவருடைய ஆரோக்கியம். அவர் மேடையில் வைத்த சுருட்டு நெருப்பு காட்டாமலே பற்றிக்கொள்ளும். இன்றைக்குத் துப்பாக்கி தொண்ணூற்றாறு காட்டியது. சாதாரண மனுஷனைவிடக் குறைவு.

"இன்னா பண்ணுது சாமி?"

"சுருட்டு பத்தல" என்றார் முனி. "பத்த வச்சாலும் வாயில அணைஞ்சு பூடுது. நாய்ங்க என்னைப் பாத்துக் கொலைக்கறதில்ல. அப்பறம் இத்தப் பாரு." காலை நீட்டினார். பத்து விரலும் கருங்கல். நகத்தை டாக்டர் பேனாவால் தட்டினாள். டக் டக் என்றது.

"எப்ப கடைசியா கோவம் வந்துச்சு உனக்கு?"

"மறந்து பூட்ச்சு பொண்ணே."

இதில் பாலத்தடி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் முனியிடம் அதைக் கொடு, இதைக் கொடு என்று வேண்டிக்கொண்டதில்லை. பிராது கட்டுவார்கள். அக்கிரமம் செய்தவன் யார், செய்தது என்ன என்று தாளில் எழுதி, கைநாட்டு வைத்து, முனிக்கு முன்னால் நின்று ஊர் கேட்க உரக்கப் படித்து, சூலத்தில் நூலால் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளைக்குள் முனி தீர்த்து வைப்பார். பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தவனுக்கு அந்தக் கை மடங்காமல் ஆறு மாதம் கொடிக்கம்பம்போல நின்றது, சோற்றை அவளே ஊட்ட வேண்டியிருந்தது, மனசு வந்தபோது ஊட்டினாள். கட்டியவர்கள் மனசு மாறினால் வாபஸ் வாங்கலாம். அதற்கும் தாள் உண்டு, கைநாட்டு உண்டு. வாபஸ் வந்த நிமிஷமே முனி கோபத்தைக் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும், வாபஸுக்குக் காரணமானவர் பெயரை யாரிடமும் சொல்லவும் கூடாது. கோர்ட்டில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

"அந்தப் பெரிய ஆபீஸர் மேல நம்ம ஜனம் மொத்தமும் சேந்து பிராது கட்டுச்சே" என்றாள் டாக்டர். "குடிசைய எடுக்கக் கூடாதுன்னு. அது இன்னாச்சு?"

"எழுபத்தோராம் நாளு வாபஸ் வந்துச்சு."

"யாரு வாங்குனது?"

"அத்த நான் சொல்லக் கூடாது."

"எத்தினி பேரு?"

"எல்லாரும்."

அதற்கு மேல் அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று முனியம்மாள் வைத்தியத்தைத் தொடங்கினாள். டிரிப்ஸ் ஏற்றினாள், வெந்நீர்ப் பை கொடுத்தாள், ரெண்டு கம்பளி போர்த்தினாள். போகிற வழியில் முனி வாசற்படியிலேயே குளிர் தாங்காமல் உட்கார்ந்துவிட்டதால், அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, பெஞ்சை எடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் கிளினிக்கிலேயே இருந்தார். செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றைந்து, கணுக்கால் வரை கல். புதன்கிழமை தொண்ணூற்று நாலு, கெண்டைக்கால். தினம் ஒரு டிகிரி இறங்கியது, தினம் ஒரு சாண் கல் ஏறியது. காதுவரை ஏறிவிட்டால் அதற்கப்புறம் பிராது படித்தாலும் கேட்பதற்குக் காது இருக்காது என்பது முனிக்கும் தெரிந்திருந்தது, டாக்டருக்கும் தெரிந்திருந்தது.

ஜனங்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவருடைய கல் முழங்கால் நல்ல உயரமாக இருந்ததால் பையை வைத்தார்கள். யாரோ மஞ்சள் பூசினார்கள். வியாழக்கிழமை ஒருவர் குங்குமம் வைத்தார், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழ மாலை வந்தது. கல்லானால் நல்லதுதான், சாமி ஒரு இடமாக அமைதியாக இருக்கும், கிளினிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கோயில் எழுப்பிவிடலாம் என்று வரிசையில் நின்றவர்களே பேசி முடித்தார்கள். "ஆபீஸ்ல சொன்னோம் டாக்டர், டைல்ஸு அவுங்களே தர்றேன்னுட்டாங்க, நீலக் கலரு" என்று ஒருவர் சந்தோஷமாக வந்து சொன்னார். முனியம்மாளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை மேஜை மேல் வீசினாள். அவர் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "டென்சன் ஆவாதீங்க" என்றார்.

அதுதான் அவளைக் கொன்றது. எட்டு மாதமாக அவளைக் கொன்றுகொண்டிருந்ததும் அதுதான். பாலத்தடியில் ஒரு குடம் தண்ணீருக்கு ஏழு தலைமுறையை இழுத்துச் சந்தியில் நிறுத்துகிற வாய்கள் இவை. இங்கே மூன்று நாளைக்கு ஒருமுறை மஞ்சளாகத் தண்ணீர் வந்தது, பரவாயில்லை என்று பிடித்துக் குடித்தார்கள், பேதியானது, பரவாயில்லை என்று வந்து மாத்திரை வாங்கினார்கள். நாலு மாதமாக லிப்ட் ஓடவில்லை. போன மாதம் ஆறாவது மாடியில் நெஞ்சுவலி வந்த ஒரு பெரியவரைப் போர்வையில் போட்டுப் படியிறக்கும்போது, மூன்றாவது மாடித் திருப்பத்தில் உயிர் போய்விட்டது. அவருடைய மகன் சடலத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்து, "பரவால்ல டாக்டர், எப்டியும் கீழ எறக்கணும்ல" என்றான். இந்த வார்த்தையைப் பெற்ற மகன் சொல்லுவானா? அன்றைக்கு இரண்டு பஸ்ஸும் மாறி வீடு போகிறவரை முனியம்மாள் இதையே தனக்குள் கேட்டுக்கொண்டு போனாள். மனச்சோர்வு என்று எழுதி, குடியிருப்பு மொத்தத்துக்கும் சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள், முட்டாள்.

இப்போது சகாயமேரி பற்றிய கவலை வேறு. ஏழாவது மாடி. ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை கடைசி நேரத்தில் ரத்தப்போக்காகிச் செத்துப் பிறந்தது. வலி கண்டால் அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஏழு மாடியும் இறங்கி வந்து, மூச்சு வாங்க, முனியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சகாயமேரியிடம், "வலி வந்தா எப்டிடி எறங்குவ?" என்று கேட்டாள்.

"எறங்கிடுவேன் டாக்டரக்கா. எறங்க முடிலன்னா அங்கியே பெத்துக்கறேன். பரவால்ல."

"லிப்டு ஓடலன்னு உனக்குக் கோவமே வர்லயா?"

சகாயமேரி யோசித்துப் பார்த்தாள். எங்கேயோ வைத்துவிட்ட சாவியைத் தேடுகிற மாதிரி முகத்தைச் சுருக்கினாள். "வரணும்தான்" என்றாள். "வர்லக்கா."

சனிக்கிழமை காலை துப்பாக்கி தொண்ணூற்றொன்று காட்டியது. கல் இடுப்பைத் தாண்டியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நேரே குடியிருப்பு ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டினாள். அங்கிருந்தவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். லிப்ட் பற்றி ஒரு புகார் இல்லை. தண்ணீர் பற்றி ஒரு புகார் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எட்டு மாதத்தில் ஒருத்தர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை, மாதிரிக் குடியிருப்பு என்று மேலிடத்தில் பாராட்டியிருக்கிறார்கள். "நீங்க இங்க குடியிருக்கீங்களா மேடம்? இல்லைல்ல. அப்ப உங்ககிட்ட புகார் வாங்க எனக்கு ரூல் இல்ல" என்று நோட்டை மூடினார்.

திரும்பி வந்தபோது கிளினிக்கில் ஒரே கூச்சல். ஒரே ஒரு ஆளின் கூச்சல். எட்டாவது மாடிக் கன்னியப்பன், பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசனை வந்தாலே சண்டைக்கு வருகிற மனுஷன், எல்லாரையும் கிழித்துக்கொண்டிருந்தார். "சாமி கல்லாயினு கீது, டைல்ஸ் ஒட்டறானுங்களாம் டைல்ஸு. உங்க வாயில இன்னா கொழுக்கட்டையா? லிப்டுல ஏறி எத்தினி நாளாச்சுடா? சூடு சொரணை இல்ல?" ஜனங்கள் அவரைப் பாவம் என்று பார்த்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

முனியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வைத்தியம் படித்த மூளை அது. ஊரே வாந்தி எடுக்கும்போது ஒருத்தன் மட்டும் தெம்பாக நின்றால், அவன் எதைச் சாப்பிடவில்லை என்றுதான் முதலில் கேட்கும்.

வேறு யாருக்குக் கோபம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிறது, வராந்தாவில் பம்பரத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சிஸ்டர் குணவதிக்கு வருகிறது, அவள் திருவள்ளூர்க்காரி. தனக்கு வருகிறது. பெரியவர்களில் கன்னியப்பன் ஒருவருக்கு வருகிறது.

"இன்னா துன்னுனீங்க, இன்னா குடிச்சீங்க, அவுங்க செஞ்சதுல நீங்க எத்த செய்யல?" என்று கன்னியப்பனைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் இன்னாத்த செய்யல? லாரில ஏத்துனானுங்க, ஏறினேன். தண்ணி, அதே தண்ணிதான். நீ பாலத்தாண்ட கேம்ப் போட்டியே, அதுல கூடத்தான் மாத்திர குட்த்த, முழுங்குனேன்." அப்புறம் நினைவு வந்து, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பட்டறையில் பிரஸ் மிஷின் விழுந்து இரண்டு கட்டைவிரலும் போன கைகள். "கைநாட்டு மட்டும் நீதான் வேணான்னுட்ட. ஒனக்குத்தான் வெரலே இல்லியே, நீ போய்னே இருன்னு சொன்ன."

மாசி மாதத்துக் கேம்ப். இலவச மருத்துவ முகாம் என்று அந்த ஆபீஸரே ஏற்பாடு செய்தது, டாக்டரம்மா உட்கார்ந்தால்தான் ஜனம் வரும் என்று அவளிடம் வந்து கேட்டுக்கொண்டது. ஜனம் வந்தது. வரிசை பாலத்தைச் சுற்றி வளைந்து நின்றது. மருந்து பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் ஒவ்வொருவராகப் பேனாவைத் தேடிப் பிடித்துப் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று, கையெழுத்துத் தெரிந்தவர்களைக்கூட, "சீக்கிரம் நகருங்க, கட்ட வெரல வையுங்க, போதும்" என்று மைப்பெட்டியைத் தள்ளியது அவள்தான். ஒவ்வொரு தாளிலும் கீழே சாட்சி என்று அவளே கையெழுத்துப் போட்டாள். ஓபியில் ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு கிழிக்கிற கை அது, எழுதினது எதையும் படிக்காது.

கேம்ப் நகல்கள் ஸ்டீல் அலமாரியின் அடித்தட்டில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கட்டை அறுத்தாள். மேலே மருந்து ரசீது. அதைத் தூக்கினால் நகல் எடுக்கிற நீலக் கார்பன் காகிதம். அதைத் தூக்கினால், இன்னொரு தாள். 'எங்கள் இருப்பிடத்தை முழுமனதுடன் காலி செய்து தருகிறோம். எங்களுக்கு எவர் மீதும் எக்குறையும் இல்லை. இதுவரை எவரிடமும் அளித்த புகார்கள் அனைத்தையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இனியும் அளிக்க மாட்டோம்.' கீழே அந்த வீட்டுப் பெரியவர்களின் நீலக் கட்டைவிரல்கள். அதற்கும் கீழே, சாட்சி, டாக்டர் முனியம்மாள், முத்திரை. வீட்டுக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு தாள். ஒன்று விடாமல் புரட்டிப் பார்த்தாள், எதிலாவது தன் கையெழுத்து இல்லாமல் இருந்துவிடாதா என்று.

முனிக்கு முன்னால் தரையில் போய் உட்கார்ந்தாள். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் முனி. "லாரி வந்த அன்னிக்கு அந்த ஆபீஸர் இந்த மாரி ஒரு கட்டத் தூக்கியாந்து எங்காலாண்ட வச்சான். வழக்கம் தெரிஞ்ச கில்லாடி அவன். எல்லார் வெரலும் இருந்துச்சு. கோவத்த எறக்கி வச்சிட்டேன்."

"ஏமாத்தி வாங்குனதுன்னு உனக்குத் தெரியாதா? படிக்காம வச்சாங்கன்னு தெரியாதா?"

"வெரல் வெரல்தான பொண்ணே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. எட்டு மாசம். இந்த ஒரு வாரமா எங்கிட்டயே டோக்கன் வாங்கி ஒக்காந்துகினு, ஊசி போட்டுக்கினு, கம்பளி போத்திக்கினு. சொல்லியிருக்கலாம்ல நீ."

"சொல்லக் கூடாது. அது ஒண்ணு." முனி பேசவே சிரமப்பட்டார், கல் நெஞ்சுக்குழிக்கு வந்திருந்தது. "அப்பறம், எம்பொண்ணுக்கு எடமில்லன்னு சொல்லிட்டான்னு ஹெட்மாஸ்டர் மேல உங்கம்மா ஒரு பிராது கட்டினா. எண்பத்தொம்பதாம் நாளு அந்தாளே ஊட்டாண்ட வந்து உன்னக் கைய புட்சிக் கூட்டினு போனான். நான் தீத்து வச்சதுல உருப்படியா முழுசா நிக்கறது அது ஒண்ணுதான். அத்த நானே போய் எப்டி ஒடைக்கறது?"

முனியம்மாள் அழவில்லை. அழுகை வருகிற இடத்தில் எல்லாம் கோபமே வந்தது, ஆபீஸர் மேல் பாதி, தன் மேல் பாதி. "புதுசா பிராது கட்டுனா சூடு வருமா?"

"வரும். யாரு கட்டுவாங்க? வெரல் வச்சவங்களுக்குக் கட்டத் தோணாது. கன்னியப்பனுக்கு வெரல் இல்ல. பசங்க கட்டக் கூடாது."

"நான் பாலத்தடில பொறந்தவதான. நான் வெரல் வைக்கல."

முனி சூலத்தைக் கண்ணால் காட்டினார். "வரிசையா எழுதணும். மொதல்ல செஞ்சவன வுட்டுட்டு ரெண்டாவது செஞ்சவனப் புடிக்க மாட்டேன். நீயும் டோக்கன் குடுத்துதான பாக்கற?"

அவளுக்குப் புரிந்தது. பயமாகவும் இருந்தது. மடங்காமல் நின்ற அந்தக் கையைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்த ஜனத்துக்கு அவள் டாக்டர் மட்டுமா? எங்க பொண்ணு என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிக்கொள்வார்கள். எங்க பொண்ணு சொன்னா கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கலாம் என்றுதான் அன்றைக்கும் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குணவதியை விட்டு எல்லா பிளாக்குக்கும் சொல்லச் சொன்னாள். கூப்பிட்டால் வருகிற ஜனம்தானே, வந்தது. கிளினிக் நிறைந்து, வராந்தா நிறைந்து, படிக்கட்டில் ஏறி நின்றது. துப்பாக்கி தொண்ணூறு காட்டியது. கல் கழுத்தில் நின்றது. நீலக் கலர் டைல்ஸ் நாலு பெட்டி ஏற்கெனவே வாசலில் இறங்கியிருந்தது. முனியம்மாள் மருந்துச் சீட்டுத் தாளில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள்.

"பாலத்தடி முனீஸ்வர சாமி முன்னிலைக்கு, இட்லிக்கடை அம்சவேணி மகள் முனியம்மாள் கட்டும் பிராது. முதல் எதிரி, மேற்படி முனியம்மாள், டாக்டர். வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்பதற்காக, கையெழுத்துத் தெரிந்தவர்களையும் கைநாட்டு வைக்கச் சொன்னாள். மேல்தாளைத் தூக்கி அடித்தாளைப் பார்க்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை பார்க்கவில்லை. எங்கள் பிராதை எங்களுக்குத் தெரியாமல் எங்கள் விரலாலேயே வாபஸ் வாங்க வைத்தவள் இவள்தான். இரண்டாம் எதிரி, அந்தத் தாளை அடியில் வைத்துக் கட்டிக் கொடுத்த ஆபீஸர். மூன்றாம் எதிரி, புகார் இல்லை என்று நோட்டை மூடியவர்."

கேம்பில் தள்ளிய அதே மைப்பெட்டியை எடுத்துத் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். காயத்துக்குத் தையல் போடும் நூலால் தாளைச் சூலத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

முதலில் டேங்கிலிருந்து பேய் இருமுவது கேட்டது. அப்புறம், எட்டு மாதமாக முனியின் காதோரம் செருகிக் கிடந்த சுருட்டின் நுனியில் மெல்லச் சிவப்பு வந்தது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. பிறகு எல்லா நாயும் குரைத்தன.

முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சகாயமேரியின் முகத்தில் என்னவோ நடந்தது. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்துவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்தாள். நேரே டாக்டரிடம் வந்தாள். வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"நீதானடி வைக்கச் சொன்ன?" என்றாள். அவளுக்குக் குரல் உடைந்து உடைந்து வந்தது. "எனக்கு எழுதத் தெரியும்டி. பத்தாவது பாஸுடி நானு. எம்பேர நானே எழுதறேன்னு பேனாவத் தூக்கினேன். நீதான டைமாவுது, வெரல வையின்ன."

முனியம்மாள் கையைத் தூக்கவில்லை. படிக்கட்டில் செத்தவரின் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எங்கப்பன படில போட்டுட்டு நான் உங்கிட்ட பரவால்லன்னேன். நீயும் தலையாட்டுன" என்று சொல்லிவிட்டுத் தன் தலையிலேயே மடார் மடார் என்று அடித்துக்கொண்டான். அதற்கப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு மாதத்து வசவு, தண்ணீருக்கு, லிப்டுக்கு, பேதிக்கு, பள்ளிக்கூடம் இல்லாததுக்கு, வேலைக்குப் போக மூன்று பஸ் மாறுவதற்கு, எல்லாம் சேர்த்து அவள் தலையில் இறங்கியது. உன்னையா நம்பினோம் என்றார்கள். அம்சவேணி வயிற்றில் இப்படியும் ஒன்றா என்றார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்று ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வலித்தது, அந்த வலிக்கு நடுவில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது, இவர்களுக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று.

ஓரத்தில் நின்ற கன்னியப்பன் கட்டைவிரலில்லாத கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "இத்தினி நாளா தனியா கத்தினு இருந்தேன்டா" என்று தேம்பினார்.

முதல் எதிரியின் கணக்கு தீர்ந்ததும் கூட்டம் திரும்பியது. ஆபீஸ் பக்கம் நடந்தது. போகிற போக்கில் நாலு பெட்டி டைல்ஸையும் தூக்கிக்கொண்டு போனது, ஒட்டுவதற்கு இல்லை. முனி எழுந்தார். மஞ்சளும் குங்குமமுமாகக் கல் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது. நிலைப்படியில் தலை இடித்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாக அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லி, சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போனார். குணவதி அவர் முதுகுக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தாள். 'ஹை' என்றது.

நோட்டை மூடியவர், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஆபீசைத் திறந்து, அன்று சாயங்காலத்துக்குள் மூன்று நோட்டைப் புகாரால் நிரப்பினார். அந்தப் பெரிய ஆபீஸர் எந்த ஃபைலில் கையெழுத்துப் போட்டாலும், பேனா மைக்குப் பதிலாக நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கைநாட்டும் விழுகிறதாம், தாளே தெரியாத அளவுக்கு, அதனால் அவர் ஆபீஸில் எந்தக் குடிசையையும் பெயர்க்கிற உத்தரவு நகரவில்லையாம். ஒன்பதாம் நாள் லிப்ட் ஓடியது.

டாக்டர் முனியம்மாள் தினமும் ரெண்டு பஸ் மாறி வந்து கிளினிக்கைத் திறந்தாள். சகாயமேரியின் ஐந்து விரலும் அவள் கன்னத்திலேயே தங்கிவிட்டன. நாலு விரல் மங்கலாக, கட்டைவிரல் மட்டும் ரேகை எண்ணலாம்போலத் தெளிவாக, நீலமாக. தொண்ணூறு நாள் இருக்கும் என்று முனி சொல்லியிருந்தார். பவுடர் போட்டால் மறையும் என்று குணவதி சொன்னதற்கு, வேண்டாம் என்றாள். ஜனங்கள் வந்தார்கள், டோக்கன் வாங்கினார்கள், முகத்தைப் பார்க்காமல் நாக்கை நீட்டினார்கள். கொடுத்த மருந்துச் சீட்டை ஒவ்வொருவரும் அங்கேயே நின்று, அடியில் வேறு தாள் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

லிப்ட் ஓடிய மறுநாள் மத்தியானம், ஏழாவது மாடியிலிருந்து லிப்டில் இறங்கி, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு சகாயமேரி வந்தாள். பனிக்குடம் உடைந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, டாக்டர் அவளைப் படுக்க வைத்துக் கையைப் பிடிக்கப் போனாள். சகாயமேரி கையை இழுத்துக்கொண்டாள்.

"வயித்த மட்டும் பாரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கிட்ட பேச்சு வச்சுக்காத."

முனியம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டு வயிற்றைப் பார்த்தாள்.